ஓர் எழுத்தும் குறையாமல்



முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர் ஒன்றில், மதரஸாவில் இருபது ஆண்டுகளாகக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வருகிறேன். பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்பிப்பது தஜ்வீத். ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ ஓதக் கூடாது, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்ட வேண்டும், ஒலி மாறினால் பொருளே மாறிவிடும் என்று நாள்தோறும் சொல்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நானே, 2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், அரசு என் கையில் ஒப்படைத்த ஓர் எச்சரிக்கையைக் குறைத்து வாசித்தேன். அதன் விளைவை எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இன்றும் சுமந்து நடக்கிறார்.

பேரிடர் வந்தால் அரசு என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது என்று நாம் நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அரசின் ஏற்பாடு எங்கே முடிகிறது, நம்முடைய கடமை எங்கே தொடங்குகிறது என்பதை நான் மிகவும் தாமதமாகவே அறிந்துகொண்டேன். அந்தப் பெண்மணியின் அனுமதியைப் பெற்று அதை இங்கே எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை

அது ரபீஉல் அவ்வல் மாதத்தின் முதல் வாரம். வங்கக்கடலில் கஜா என்னும் புயல் உருவாகி எங்கள் கரையை நோக்கி வருவதாகச் சில நாள்களாகவே வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டிருந்தன. வியாழன் பிற்பகல் லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், ஊர்த் தலையாரி மிதிவண்டியில் பள்ளிவாசலுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கலெக்டர் ஆபீஸ்லேருந்து வந்த தகவல் அசரத்து. அப்படியே மைக்ல வாசிச்சுடுங்க. நான் இன்னும் மூணு தெருவுக்குப் போகணும்."

எங்கள் இமாம் அன்று வெளியூர் சென்றிருந்தார். ஒலிபெருக்கி அறையின் சாவி என்னிடம் இருந்தது. தாளைப் படித்துப் பார்த்தேன். கூரை வீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் வசிப்போர் மாலை 6 மணிக்குள் அரசுப் பள்ளியில் அமைக்கப்பட்டுள்ள முகாமுக்கு வந்துவிட வேண்டும், குடும்ப அட்டையையும் மருந்துகளையும் கையோடு எடுத்துவர வேண்டும், இரவில் மின்சாரம் நிறுத்தப்படும், மீனவர்கள் கடலுக்குச் செல்லக் கூடாது என்று அதில் இருந்தது.

உண்மையைச் சொல்வதானால், நான் அதை நம்பவில்லை. 2012 ஏப்ரலில் சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது ஆழிப்பேரலை வரும் என்று கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், பேரலை வரவில்லை. 2016 டிசம்பரில் நாடா புயல் நாகப்பட்டினம் கரையை நெருங்கும் முன்பே வலுவிழந்துபோனது. "இதுவும் அப்படித்தான்" என்று என் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டது. அத்துடன், மக்களை அச்சுறுத்துவது மார்க்கம் கற்றவனுக்கு அழகல்ல என்ற ஓர் எண்ணமும் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் ஒலிபெருக்கியில் நான் சொன்னது இதுதான்:

"புயல் வருவதாகச் சொல்கிறார்கள். தேவைப்படுவோர் பள்ளிக்கூடத்துக்குச் செல்லலாம். யாரும் அஞ்ச வேண்டாம். அதிகமாக துஆ செய்யுங்கள்."

தாளில் இருந்தது "வந்துவிட வேண்டும்". நான் சொன்னது "செல்லலாம்". ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. வாஜிபாக வந்த ஒன்றை முபாஹாக மாற்றி ஊருக்கு அறிவித்தேன். மாலை 6 மணி என்ற காலக்கெடுவும், குடும்ப அட்டையும், மருந்தும் என் வாயிலிருந்து வரவே இல்லை.

சிறிது நேரத்தில் என்னிடம் ஓதும் பிள்ளைகளுள் ஒருவன் ஓடி வந்தான். அவனுடைய பாட்டனார் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாட்டி இத்தாவில் இருந்தார். வாய்க்கால் கரையை ஒட்டி மண்சுவர் வைத்த ஓட்டு வீடு அவர்களுடையது.

"ஹஜ்ரத், உம்மம்மா இத்தாவுல இருக்காங்க. வீட்டை விட்டு வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

இதற்கு விடை எனக்குத் தெரியும். கணவனை இழந்த பெண் இத்தாக் காலத்தில் தகுந்த காரணமின்றி வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. ஆயினும், வீடு இடிந்து விழும் என்றோ, வெள்ளத்தாலோ நெருப்பாலோ உயிருக்கு ஆபத்து நேரும் என்றோ அஞ்சினால், பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல அவளுக்கு அனுமதி உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் நூல்களும், ஹனஃபி மத்ஹபின் நூல்களும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. நான் தேர்வெழுதிய பாடம் அது. அன்று அந்தச் சிறுவனிடம் நான் சொன்னதோ வேறு.

"காற்று பலமாக அடித்தால் பார்த்துக்கொள்ளலாம். அஞ்ச வேண்டாம், துஆ செய்யச் சொன்னேன் என்று சொல்."

அவன் தலையாட்டிவிட்டு ஓடினான்.

நள்ளிரவுக்குப் பிறகு புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய அந்தக் காற்றின் ஓசையைக் கேட்டவர்கள் ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார்கள். தென்னை மரங்கள் முறிந்து விழும் ஒலியும், ஓடுகள் பறந்து சுவரில் மோதும் ஒலியும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. சுப்ஹுக்குச் சற்று முன் காற்று தணிந்தபோது, வாய்க்கால் கரைப் பக்கம் இருந்து ஓலம் கேட்டது. அந்த வீட்டின் மேற்குச் சுவர் சரிந்திருந்தது. பேரனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் மட்டும் உத்தரத்துக்கு அடியில் கிடந்தார். அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் உயிர் இருந்தது. அவருடைய இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சாலை முழுவதும் மரங்கள் விழுந்து கிடந்ததால், இளைஞர்கள் கட்டிலோடு சுமந்தும், அரிவாளால் கிளைகளை வெட்டி வழி உண்டாக்கியும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும்போது நண்பகல் கடந்துவிட்டது. அன்றைய ஜும்ஆவை மின்சாரமும் ஒலிபெருக்கியும் இல்லாமல் நானே நடத்தினேன். பின்வரிசைக்கு என் குரல் எட்டவில்லை. எட்டாமற்போனதே நல்லது என்று அப்போது நினைத்தேன்.

பல வாரங்கள் கழித்து அவரைப் பார்க்கச் சென்றேன். மன்னிப்புக் கேட்பதற்காகவே சென்றிருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன் ஹஜ்ரத். நீங்க அஞ்ச வேணாம்னு சொன்னதா புள்ள வந்து சொன்னான். சரின்னு அவுத்து வச்சுட்டேன்."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. நடந்ததை நடந்தபடி சொன்னார். சிறுவன் நான் சொன்னதை ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கொண்டுசேர்த்திருக்கிறான். நான் அவனுக்குக் கற்பித்த பாடம் அது.

ஒரு தாள் கடந்து வந்த தூரம்

அந்தத் தாள் என் கைக்கு எப்படி வந்தது என்று அதன் பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றும் நம் சகோதரர் ஒருவரிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்திய நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. நாகப்பட்டினம் கரையைப் பேரலை தாக்கியபோது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கடந்திருந்தது. அவ்வளவு நேரமிருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை; சொல்வதற்கான ஏற்பாடே இந்தியப் பெருங்கடலில் எந்த நாட்டிடமும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பகுதியில் உறவினர் எவரையும் இழக்காத குடும்பங்கள் குறைவு.

அந்த இழப்புக்குப் பின் வந்தவைதான் இன்றைய ஏற்பாடுகள். 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையிலும், மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலும் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அமைந்தன. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. சென்னை எழிலகத்தில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் இரவும் பகலும் இயங்குகிறது; அதன் எண் 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மழையும் புயலும் வந்தால் பாதிக்கப்படக்கூடிய இடங்கள் என்று மாநிலம் முழுவதும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளை வருவாய்த் துறை பட்டியலிட்டு வைத்திருக்கிறது. கரையோர மாவட்டங்களில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டுள்ளன. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அணி ஒன்று அரக்கோணத்தில் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது.

புயல் ஒன்று உருவானால், வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை சென்னைக்கு வருகிறது. வருவாய் நிர்வாக ஆணையர் அலுவலகத்திலிருந்து ஆட்சியருக்கும், ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும், அவரிடமிருந்து தலையாரிக்கும் செய்தி இறங்குகிறது. செயற்கைக்கோள் கண்ட ஒன்று, ஒரு தலையாரியின் மிதிவண்டியில் எங்கள் தெரு வரை வந்து சேர்ந்திருக்கிறது. கஜா கரையைக் கடப்பதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்ட மக்கள் 400-க்கும் மேற்பட்ட முகாம்களுக்கு அழைத்து வரப்பட்டார்கள் என்றால், அத்தனை கைகளும் தத்தம் வேலையைச் செய்திருந்தன என்பதே பொருள். எங்கள் தெருவில் கடைசிக் கை என்னுடையது. சங்கிலி என்னிடத்தில் அறுந்தது.

தவக்குல் என்று நாம் நினைப்பது

"அல்லாஹ் நாடியதுதான் நடக்கும்" என்று நாம் சொல்கிறோம். அதில் ஐயமில்லை, அது நம் ஈமானின் பகுதி. ஆனால் அந்தச் சொல்லை நாம் எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். நோய் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் பத்து இடத்தில் விசாரிக்கிறோம். கடையைப் பூட்டிவிட்டு இருமுறை இழுத்துப் பார்க்கிறோம். புயல் எச்சரிக்கை வரும்போது மட்டும் விதியை நினைவுகூர்ந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். நான் அன்று காட்டியதும் தவக்குல் அல்ல; சோம்பலுக்கு நான் அணிவித்த ஆடை அது.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்ட மனிதரிடம், முதலில் அதைக் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அனைவரும் அறிவோம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டுச் சென்றபோது, சர்க் என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. அவர்கள் தோழர்களைக் குழு குழுவாக அழைத்து ஆலோசனை கேட்டு, திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஓட்டு வீடும் அல்லாஹ்வின் ஏற்பாடுதான். பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கட்டடமும் அவனுடைய ஏற்பாடுதான்.

சூரா யூசுபை நான் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். பஞ்சம் வரப்போவதை அறிந்த யூசுப் (அலை) அவர்கள், செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைந்த தானியத்தைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கச் சொல்கிறார்கள். மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெறுகிறார்கள். ஒரு நபி, ஓர் அரசின் பேரிடர் ஆயத்தத்தை முன்னின்று நடத்திய வரலாறு அது. மழைக்காலத்துக்கு முன் வாய்க்காலைத் தூர்வாருவதையும், முகாமில் அரிசி இருப்பு வைப்பதையும் உலக வேலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அரசைக் கேள்வி கேட்பது

இவ்வளவு சொல்வதால், அரசின் மீது குறையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கஜாவுக்கு முந்தைய நாள் சிறப்பாக நடந்த வேலை, அதற்குப் பிந்தைய வாரங்களில் தடுமாறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் வயல் சேற்றில் இறங்கி இரவும் பகலும் உழைத்ததைக் கண்ணால் கண்டேன். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆயினும் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளிலும் குடிநீரின்றியும் கிடந்தன. மக்கள் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் வளர்த்த தென்னையை ஓர் இரவில் இழந்தவர்களுக்கு இழப்பீடு என்ன கொடுத்தாலும் ஈடாகாது. மாநில அரசு ஒன்றிய அரசிடம் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. டிசம்பர் இறுதியில் ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடிக்கு. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே கணக்குகள் பேசப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில், எங்கள் ஊரில் தார்ப்பாய்க்கு அடியில் குழந்தைகள் உறங்கினார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அரேபியாவில் கொடும் பஞ்சம் வந்தது. மண் சாம்பல் நிறமாக மாறியதால் அதை ரமாதா ஆண்டு என்பார்கள். மிஸ்ருக்கும் ஷாமுக்கும் கடிதம் எழுதி உணவு தருவித்தார்கள். மதீனாவில் தஞ்சம் புகுந்தவர்களுக்கு அன்றாடம் சமைத்து வழங்க ஏற்பாடு செய்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும் வரை தாம் நெய் உண்பதில்லை என்றிருந்தார்கள். ஆள்பவரின் பொறுப்புக்கு நம்மிடம் இருக்கும் அளவுகோல் அது. அந்த அளவுகோலால் எந்த ஆட்சியையும் அளக்கலாம்; அளக்கவும் வேண்டும். நிவாரணம் ஏன் வரவில்லை என்று கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது. ஆனால் அளவுகோலைக் கையில் எடுக்கும்போது அதன் ஒரு முனை நம் பக்கமும் இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, நம் பொறுப்பில் உள்ளவரைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்ற நபிமொழி ஆட்சியாளரோடு நின்றுவிடவில்லை. ஒலிபெருக்கி அறையின் சாவி அன்று என் பொறுப்பில் இருந்தது.

காயல்பட்டினம் கற்பித்தது

எல்லாப் பேரிடரும் புயலைப் போல நாள் குறித்து வருவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். நம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. எச்சரிக்கை போதிய அளவில் வரவில்லை என்று மாநில அரசும், முன்பே சொல்லியிருந்தோம் என்று ஒன்றிய அரசும் பின்னர் வாதிட்டன. மிகக் கனமழை என்று எவரும் சொல்லலாம்; 95 சென்டிமீட்டர் என்று எந்த அறிக்கை சொல்லும்? சாலைகள் துண்டிக்கப்பட்ட இடங்களில் மீட்புப் படகு வந்து சேரும் வரை அண்டை வீட்டாரே அரசாக இருந்தார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலின் கதவைத் திறந்து இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்து உணவளித்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. காயலில் இருக்கும் என் ஓதல் தோழர் ஒருவரிடம் அந்த நாள்களைப் பற்றிக் கேட்டபோது, "மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் அன்றைக்குப் பெரிய கேள்வியாக இருந்தது" என்றார். அந்தச் சொல் எனக்குள் தைத்தது.

இப்போது நாங்கள் செய்வது

ஜமாஅத்தார் ஒத்துழைப்புடன், ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன் சில வேலைகளைச் செய்துவிடுகிறோம். உங்கள் ஊருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

மதரஸாவின் மூத்த பிள்ளைகள் தெருத் தெருவாகச் சென்று ஒரு பட்டியல் எடுக்கிறார்கள். தனியாக வசிக்கும் முதியவர், படுக்கையில் இருப்போர், கருவுற்ற பெண்கள், இத்தாவில் இருப்போர், மண்சுவர் வீடு, கூரை வீடு ஆகியவை அதில் இருக்கும். யார் எவரை அழைத்துவர வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இளைஞர் ஒருவரின் பெயர் இருக்கும். பட்டியலின் படி ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் முதல் ஆண்டு வியப்போடு வாங்கினார். இப்போது புரட்டாசியிலேயே தொலைபேசியில் கேட்கிறார்.

பெண்கள் பொது முகாமுக்குச் செல்லத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. மறைப்பில்லாத இடமும், போதாத கழிப்பறையும் அவற்றுள் முதன்மையானவை. அவர்களைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, மதரஸாவின் மாடியைப் பெண்களுக்கென்று ஒதுக்கினோம். சாதி சமயம் பாராமல் எந்தப் பெண்ணும் தங்கலாம் என்று பக்கத்துத் தெருக்களுக்கும் சொல்லியிருக்கிறோம். மாடிச் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. இத்தாவில் இருப்பவர் ஆபத்தின்போது வெளியேறலாம் என்ற சட்டத்தை, யாரும் கேட்பதற்கு முன்பே, மழைக்காலத்துக்கு முந்தைய ஜும்ஆவில் இமாம் அறிவித்துவிடுகிறார்.

குடும்ப அட்டை, ஆதார், நிலப்பட்டா, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை நெகிழி உறையில் இட்டு ஒரே பையில் வைக்கச் சொல்கிறோம். நனைந்து அழிந்த தாளால் நிவாரணத்துக்கு அலைந்தவர்களைக் கஜாவுக்குப் பின் நிறையப் பார்த்துவிட்டோம். பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகையை மழைக்காலத்துக்கென்று தனியே எடுத்துவைக்கிறோம். ஒலிபெருக்கிக்கு மின்கலம் வாங்கியதும் அதிலிருந்துதான்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கு ஹதீஸ் கலையின் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்க வேண்டும். தொடர் அறுந்தால் அதை யாருக்கும் அனுப்பக் கூடாது. அணை உடைந்துவிட்டது என்ற வதந்தியும், புயல் திரும்பிவிட்டது என்ற வதந்தியும் ஒரே அளவு தீங்கானவை. தொடர் சரியாக இருந்தால், வந்த செய்தியை வந்தபடியே வாசிக்க வேண்டும். ஒலிபெருக்கி அறையின் சுவரில் இப்போது ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: "தாளில் உள்ளதை மட்டும், முழுமையாக, மும்முறை." துஆவுக்கு அழைப்பதானால் அறிவிப்பை முழுதும் வாசித்து முடித்த பிறகே அழைக்கிறோம்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் ஃபெஞ்சல் என்று பெயர் பெற்ற புயல்சின்னம் வங்கக்கடலில் உருவானபோது எங்கள் மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. தாளில் உள்ளதை மும்முறை வாசித்தேன். பட்டியலில் இருந்த அனைவரையும் இளைஞர்கள் அழைத்துவந்தார்கள். மதரஸா மாடிக்கு முதலில் வந்தவர், கைத்தடியை ஊன்றியபடி, இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிய அந்தப் பெண்மணிதான். இரண்டு நாள் நல்ல மழை பெய்தது. புயலோ வடக்கே நகர்ந்து 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது.

வீட்டுக்குத் திரும்பப் பாயைச் சுருட்டும்போது ஒரு பெண், "வராத புயலுக்கு ரெண்டு நாளு வீடு வாசலை விட்டுட்டு வந்து உக்காந்திருந்தோமே" என்று சலித்துக்கொண்டாராம். அதற்கு அவர் சொன்னதை என் மனைவி வந்து சொன்னாள்.

"வந்திருந்தா என்னைக் கேளு, நான் சொல்றேன். வராம போனதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லு. வந்த ஊருக்கு துஆ செய்."

அன்று மாலையே விழுப்புரத்துக்கு அனுப்ப அரிசியும் போர்வையும் திரட்டத் தொடங்கினோம்.

அன்பானவர்களே! அடுத்த மழைக்காலத்துக்குள் உங்கள் மஹல்லாவில் மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் நடக்க முடியாதவர் யார், அவரை அழைத்துவரப் போகிறவர் யார் என்று எழுதி வையுங்கள். எச்சரிக்கை உங்கள் கைக்கு வந்தால், அது ஓர் அமானிதம் என்பதை நினைத்துக் குறைக்காமல் கொண்டுசேருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பலவீனங்களை மன்னிப்பாயாக. எங்கள் ஊர்களையும் பிற ஊர்களையும் பேரிடர்களிலிருந்து காப்பாயாக. எங்கள் நாவிலிருந்து வெளிப்படும் சொல்லால் எவருக்கும் தீங்கு நேராமல் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.